மலையகப் பிள்ளைகளின் உயரமும் இரண்டு அரசுகளின் ஒப்பந்தங்களும்

கேட்கப்பட்டது இது: இலங்கையில் வைத்தியம் இலவசம். தோட்டத்துப் பெண்களும் அநேகமாக எல்லோரும் வைத்தியசாலையில்தான் பிள்ளை பெறுகிறார்கள். டிக்கோயாவில் இந்தியா ஆஸ்பத்திரியே கட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் ஏன் வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்கிறார்கள்? இதைப் பேசும்போதெல்லாம், மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை ஏன் இழுக்கிறார்கள்?

பிள்ளையின் உயரம் ஆஸ்பத்திரிக்குள் தீர்மானமாவதில்லை. தாயின் உடம்பு, லயம் என்ற வரிசை வீட்டில் உள்ள காம்பராவின் (அறையின்) காற்று, குழாயில் வரும் தண்ணீர், வேலை நேரம், மாதாமாதம் வீட்டுக்கு வந்து எடை பார்க்கும் அரச மருத்துவச்சியான குடும்ப நல உத்தியோகத்தர் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் மற்றக் கிராமங்களில் இவற்றுக்கு அரசும் உள்ளூராட்சியும் பொறுப்பு. தோட்டத்தில் மட்டும் இவை நிர்வாகத்தின் கையில் விடப்பட்டன. அப்படி விட முடிந்ததற்குக் காரணம், அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்ல என்பது. அந்த நிலையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீள விட்டதில் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையிலான பேச்சுவார்த்தைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003-ல் சட்டப்படி முடிந்தது. சுகாதாரப் பொறுப்பு மட்டும் இன்னும் முழுதாகக் கை மாறவில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள், அதாவது வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டத் துறையில் சுமார் 32. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2006/07 அளவீட்டில், நாட்டு அளவு இதே 17 அளவில்தான் இருந்தது, தோட்டத்தில் 40. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இடைவெளி இன்னும் இரட்டிப்புக்குக் கிட்டவே நிற்கிறது. 2019 குடும்ப வருமான, செலவு அளவீட்டில் வறுமையில் இருந்தோர் நாட்டில் 14.3 சதவீதம், தோட்டத்தில் 33.8.

எடைக் குறைவை விட்டு உயரக் குறைவை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் வந்தால் எடை குறையும், குணமானால் திரும்பும். உயரம் அப்படியல்ல. கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரை உடம்புக்குள் என்ன போனது, எத்தனை தடவை வயிற்றோட்டம் வந்தது என்பதன் மொத்தக் கணக்கு அது. அந்த வயது தாண்டிய பிறகு போடும் பாடசாலை உணவு பிள்ளைக்குத் தெம்பு தரும், இழந்த சென்டிமீட்டரைப் பெரும்பாலும் திருப்பித் தராது.

"அவர்கள் பரம்பரையாகவே குள்ளம்" என்ற பேச்சு கூட்டங்களில் இன்றும் எழுகிறது. அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் தாய்ப்பாலூட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகளை அளந்து உருவாக்கப்பட்டது. ஐந்து வயது வரை ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். தாயின் குட்டை உருவம் பிள்ளையைப் பாதிப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாயும் இதே லயத்தில் இதே வழியில் குன்றியவள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்களை வாசிக்கும்போது நடக்கும் இன்னொரு பிழை, தோட்டத் துறையையும் மலையகத் தமிழரையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது. புள்ளிவிவரத் திணைக்களத்தின் வரையறைப்படி தோட்டம் என்பது 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், குறைந்தது 10 வதியும் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டம். அதற்குள் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்துச் சிங்களத் தொழிலாளரும் அடங்குவர். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடைக்கும் போன மலையக இளைஞர் அதற்குள் இல்லை. ஹட்டன் நகரின் ஓரத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் இல்லை. ஆகவே இன ரீதியான சுகாதார ஏற்றத்தாழ்வைத் தோட்டத் துறை என்ற ஒரே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன வாரியாகச் சுகாதாரத் தரவு வெளியிடுவது பகையை வளர்க்கும் என்று வாதிடுவோர் உண்டு. போருக்குப் பிந்திய நாட்டில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தோட்டங்களைக் கிராமமாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். லயம் இடித்து, வீடு கட்டி, அந்த இடம் கிராமம் என்று பதிவானதும் அங்குள்ள பிள்ளைகள் கிராமத் துறைக் கணக்கில் விழுந்துவிடுவார்கள். அவர்கள் உயரம் கூடாமலேயே தோட்டத் துறையின் இடைவெளி காகிதத்தில் சுருங்கும். துறை, இனம், தாய்மொழி மூன்றையும் பதிந்து, பெயர் நீக்கி, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு அளவில் வெளியிடுவதே சரி என்பது என் நிலைப்பாடு.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். 1948-ன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பூர்வீகத்தைப் பத்திரத்தால் நிரூபிக்கச் சொன்னது. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் தகப்பன், பாட்டன் பிறந்த பதிவு இருக்கவில்லை. 1949-ல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது, ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. அதே ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் எடுத்துவிட்டது. 1954 ஜனவரியில் இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு நடைமுறையில் நகரவில்லை. இந்தியா, விரும்பிக் கேட்பவர்களை மட்டும் ஏற்போம் என்றது. இலங்கை, தான் ஏற்காதவர் எல்லாம் இந்தியர் என்றது. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் நின்றார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும், 15 ஆண்டில் முடியும். மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய வாழ்க்கை பேசப்பட்டதோ அவர்களுக்கு அந்த மேசையில் இடமிருக்கவில்லை. விண்ணப்பக் காலம் முடிந்தபோது இந்தியாவைக் கேட்டவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இலங்கையைக் கேட்டவர்களோ ஒதுக்கிய எண்ணிக்கைக்கு இரு மடங்குக்கும் மேல்.

சுகாதாரத்தோடு இதன் தொடர்பு நடைமுறை விதியில்தான் இருக்கிறது. இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நாலு பேரை ஏற்கும் என்ற விகிதம். பிறகு 1971-ல் அது இறுக்கப்பட்டது: ஏழு பேர் உண்மையில் தலைமன்னாரில் கப்பலேறிய பிறகுதான் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இங்கேயே இருக்கப் போகிறவரும், போகப் போகிறவரும், எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று அறியாதவரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தார்கள். அந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடவும் மலசலகூடம் கட்டவும் எந்த அமைச்சு பணம் ஒதுக்கும்? வாக்கில்லாதவர்கள், நாளை போகக்கூடியவர்கள் என்ற இரண்டு காரணமும் சேர்ந்தபோது முதலீடு வராதது வியப்பில்லை.

இதன் விலை 1973–74-ல் தெரிந்தது. உலகச் சந்தையில் கோதுமையும் எண்ணெயும் விலை ஏறின, பங்கீட்டு உணவு வெட்டப்பட்டது, காணிச் சீர்திருத்தக் குழப்பத்தில் தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. கிராமத்தவருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்தது, லயத்தில் இருந்தவருக்கு அதுவும் இல்லை. 1974-ல் தோட்டங்களில் சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு நூறைத் தாண்டியது, நாட்டு அளவு ஐம்பதைச் சுற்றி இருந்தது. சுகாதாரத்தில் மூன்றாம் உலகத்துக்கே முன்மாதிரி என்று இலங்கை புகழப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாட்டுச் சராசரி ஒரு மக்கள் கூட்டத்தை எவ்வளவு முழுதாக மறைக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

தோட்ட நிர்வாகமே வைத்தியம் பார்க்கும் முறை ஆங்கிலேயர் வைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் வைத்தியத் தேவைகள் சட்டங்களும் 1912-ன் தொழிலாளர் நோய்கள் சட்டமும், கூலியாள் வேலைக்கு நிற்கும் அளவுக்கு அவரைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரிடம் கொடுத்தன. தோட்ட டிஸ்பென்சரி, வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பரா எல்லாம் அந்த வழியில் வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி அமைப்பு பரவியபோது தோட்டத்தின் கேட்டில் வந்து நின்றுவிட்டது. உள்ளூராட்சியும் அப்படியே. 1987-ன் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவினால், சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாமல் இருந்தது. மலையக மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்கள் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போட முடியாது! 2018-ல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் போயிருந்தன.

இடையில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970-களின் இறுதியிலிருந்து, பிள்ளைக் காம்பராக்கள், தடுப்பூசி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் என்று வேலை நடந்தது. நெதர்லாந்தும் நோர்வேயும் இதற்கு உதவின. சிசு மரணம் வேகமாக விழுந்தது. உயிரைக் காப்பாற்றும் வேலை தடுப்பூசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும் முடியும், அதை முடித்தார்கள். உயரத்துக்கு வேண்டியவை வேறு. அங்கேதான் தேங்கி நிற்கிறது.

1984-ல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றதோடு ஒப்பந்தமும் செத்தது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா போயிருந்தார்கள். மண்டபம் முகாம் வழியாக நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கும், அந்தமான் வரைக்கும் அனுப்பப்பட்டார்கள். பலருக்குக் கடல் தாண்டியும் லய வாழ்க்கையே தொடர்ந்தது. இலங்கையில் 1986, 1988 சட்டங்கள் மீதிப் பேரில் பெரும்பகுதியைத் தீர்த்தன. 2003-ன் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உரிமை தந்து கணக்கை மூடியது.

இதே காலத்தில் இன்னொரு திருப்பம். 1992-ல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனிக்கு, நலன்புரிக்கு அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நம்பிக்கை நிதியம். தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசு ஏற்றது, மற்றவை அப்படியே கிடந்தன. ஒரு குழாய் உடைந்தால் நிர்வாகம் நிதியத்தைக் காட்டும், நிதியம் பிரதேச சபையைக் காட்டும், சபை நில உரித்தைக் காட்டும். இன்றைய சுகாதார இடைவெளியின் நடு எலும்பு இந்தப் பொறுப்புக் குழப்பம்தான்.

ஒரு நாளின் நடப்பில் இது எப்படிப் பிள்ளையின் உயரமாக மாறுகிறது என்று பார்த்தால் விளங்கும். கொழுந்து எடுக்கும் தாய் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் ரொட்டியும் சம்பலும் சாயமும் (பாலில்லாத் தேநீர்). நாட்சம்பளம் முழுதாகக் கிடைக்க, தோட்டம் குறித்த கிலோவை எடுத்தாக வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கர்ப்பிணி என்பதற்காகக் கிலோவைக் குறைத்துக் கணக்கிடாத இடத்தில் அவள் கடைசி மாதம் வரை கூடையைச் சுமப்பாள். உணவோடு குடிக்கும் சாயம், ரொட்டியிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. சாயத்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வைப்பது காசில்லாமல் செய்யக்கூடிய திருத்தம். ஆனால் அதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும்.

பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்துடன் 84 நாள் விடுமுறை உண்டு. 2018 திருத்தத்துக்கு முன் மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாக இருந்தது. தாய்ப்பால் மட்டும் ஆறு மாதம் என்பது சுகாதார அமைச்சின் சொந்த அறிவுரை. இரண்டுக்கும் இடையிலான மாதங்களில்தான் பிள்ளைக் காம்பராவில் மாப்பால் போத்தல் வருகிறது, அந்தப் போத்தல் கழுவும் தண்ணீர் மலையில் மூடாமல் கிடக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. சட்டப்படி பாலூட்ட இடைவேளை உண்டு: பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி நேரம் இரண்டு தடவை, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் இரண்டு தடவை. கொழுந்து எடுக்கும் மலை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அரை மணியில் ஏறி இறங்கிப் பாலூட்டித் திரும்ப எவராலும் முடியாது. ஆகவே இடைவேளை காகிதத்தில் நிற்கும். பாலூட்டும் தாய்மாருக்குக் காம்பராவுக்குக் கிட்டிய மலையை ஒதுக்குவது கங்காணி ஒருவரே காலையில் செய்யக்கூடிய ஏற்பாடு. அதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதினால் போதும்.

திரிபோஷா என்ற இலவசச் சத்துமாவையும் பாருங்கள். 1973-ல் அமெரிக்க உணவு உதவியோடு கெயார் தொண்டு நிறுவனம் வழியாகத் தொடங்கிய திட்டம் அது. ஆளுக்கு மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு, நாளுக்கு 50 கிராம் வீதம் 30 நாளைக்கு. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டி மற்றவர்களைப் பார்க்க வைக்க மாட்டாள், பத்து நாளில் முடிந்துவிடும். திட்டம் தோற்றதற்குத் தாயின் அறியாமை காரணம் என்று எழுதும் அறிக்கைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால்தான் தேவைப்பட்ட பிள்ளைக்கு 50 கிராம் போய்ச் சேரும்.

இரத்தச் சோகை பற்றி ஒரு நுணுக்கம், பெரும்பாலும் தவறவிடப்படுவது. உயரமான மலையில் வாழ்வோருக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடும். அதனால் அளந்த எண்ணிலிருந்து ஒரு பகுதியைக் கழித்த பிறகே சோகையா என்று முடிவு செய்ய வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2011 அட்டவணைப்படி 1,000 மீட்டரில் டெசிலீட்டருக்கு 0.2 கிராம், 1,500-ல் 0.5, 2,000-ல் 0.8. 2024 திருத்தம் 500 மீட்டரிலிருந்தே கழிக்கச் சொல்கிறது. 1,500 மீட்டரில் ஒரு கர்ப்பிணிக்கு 11.2 வந்தால் 11-க்கு மேல் என்று சாதாரணமாக எழுதி அனுப்பிவிடுவார்கள். கழித்தால் 10.7, அவள் சோகை உள்ளவள். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். இந்தக் கழிப்பு இல்லாமல் கொழும்போடு ஒப்பிட்ட எந்த அட்டவணையும் மலையகத்தின் சோகையைக் குறைத்தே காட்டும். கிளினிக் சுவரில் அந்த இடத்துக்குரிய எண்ணை எழுதி ஒட்டினால் போதும்.

அடுத்தது ஆளணி. ஒரு குடும்ப நல உத்தியோகத்தருக்குச் சுமார் 3,000 பேர் என்பது திட்டமிட்ட அளவு. தோட்டப் பிரிவுகளில் அது பல இடங்களில் மீறப்படுகிறது, போதாக்குறைக்குப் பாதை செங்குத்து, உத்தியோகத்தரின் மொழி சிங்களம். தாதியர், மருத்துவச்சிப் பயிற்சிக்குக் கேட்கும் கல்வித் தகுதியை அடைய மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் போதாது. ஆகவே சுகாதார இடைவெளியின் ஒரு வேர் கல்வி அமைச்சில் இருக்கிறது. நிர்வாக எல்லையிலும் ஒரு வேர்: 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகங்களில் தலா இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். நாட்டின் வேறு பகுதிகளில் இருபதாயிரம் பேர்கூட இல்லாத பிரதேச செயலகங்கள் உண்டு. பதவிகளும் வாகனமும் கட்டடமும் செயலகம் வாரியாகப் போகும்போது யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அந்த இரண்டு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டது சரியான அடி. சுகாதாரப் பிரிவுகளும் அதே அளவுக்குப் பிரிய வேண்டும்.

இப்போது இந்தியா. 2012-ல் கையெழுத்தான 50,000 வீட்டுத் திட்டத்தில் 4,000 மலையகத்துக்கு. 2017 மே மாதம் நரேந்திர மோடி நோர்வுட்டில் பேசியபோது மேலும் 10,000 அறிவித்தார். அதே பயணத்தில் டிக்கோயாவில் 150 கட்டில் வைத்தியசாலையைத் திறந்தார். 2016-ல் மேல், தென் மாகாணங்களில் 76 லட்சம் டாலர் நன்கொடையோடு தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி எண்ணில் கூப்பிடும் அம்புலன்ஸ் சேவை பிறகு நாடு முழுவதும் விரிந்தது. 2023 ஜூலையில், மலையக மக்கள் வந்த 200-ஆம் ஆண்டை ஒட்டி, 75 கோடி இந்திய ரூபாய் அறிவிக்கப்பட்டது.

கொழும்பில் இதை எதிர்ப்போர், இது ஊடுருவல் என்கிறார்கள். 1990 சேவை வந்தபோதும் அந்தக் குரல் பலமாக எழுந்தது, இன்று அந்த வண்டியை மாத்தறையிலும் குருநாகலிலும் கூப்பிடாதவர் இல்லை. தமிழகத்தில் சிலர் இதற்கு நேர் எதிராக, இந்தியாவே இம்மக்களின் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறார்கள். அன்பினால் சொன்னாலும் இந்தக் கோரிக்கை ஆபத்தானது. இவர்கள் இலங்கைப் பிரஜைகள். இவர்கள் சுகாதாரத்தை இந்தியாவின் கடமையாகப் பேசினால், "உங்கள் ஆட்கள்தானே, நீங்களே பாருங்கள்" என்ற 1948-ன் வாதத்துக்கு நாமே வாசல் திறக்கிறோம். இந்தியாவுக்குக் கடமை உண்டுதான், 1964-ல் கையெழுத்திட்டவர் என்ற கடமை. அதை இலங்கை அரசின் கட்டமைப்புக்குள் செலுத்த வேண்டும், அதற்குப் பதிலாக நிற்கக் கூடாது.

கொடுக்கப்பட்டவற்றில் பிள்ளைகளின் உயரத்துக்கு மிக உதவுவது எது என்றால் வீடு என்பேன், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் விறகுப் புகையோடு ஏழு பேர் படுக்கும் வீட்டில் சளியும் வயிற்றோட்டமும் மாறி மாறி வரும், சாப்பிட்டது வளர்ச்சிக்குப் போகாது. தனி வீடு, தனி மலசலகூடம், புகைபோக்கியுள்ள அடுப்பு, ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் கறிவேப்பிலையும் முருங்கையும் நாலு கோழியும். ஆனால் வீடு கட்டி முடிந்த இடங்களில் மூன்று விஷயம் தவறுகிறது. தண்ணீர் இணைப்பு வேறு திட்டத்தில் இருப்பதால் வீடு முடிந்த பிறகு தாமதமாகவே வருகிறது. காணி உறுதி கையில் வருவதில்லை. தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் போடப்படுவதில்லை. கடைசி விஷயத்தைச் சின்னதாக எண்ணிவிடாதீர்கள். இலக்கம் இல்லாத வீட்டுக்கு அம்புலன்ஸ் வழி கேட்டு அலையும், கிளினிக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் தங்கும், அஸ்வெசும போன்ற உதவித் திட்டங்களின் பதிவில் ஒரே முகவரியில் இரண்டு குடும்பம் ஒன்றாக எண்ணப்படும்.

தேயிலையும் வெளியுறவுப் பொருள்தான். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25.1 கோடி டாலர் கடனை மாதம் 50 லட்சம் டாலர் தேயிலையாகத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடானது. ஏற்றுமதிக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பின்பற்றுவதோடு கட்டப்பட்டது. அது பெரிதும் ஆடைத் தொழிலுக்கே பயன்பட்டாலும், மீளாய்வுக் கேள்விகளில் தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவைச் சேர்க்கச் சொல்லி மலையக அமைப்புகள் எழுதலாம். ஆனால் இலங்கைத் தேயிலையின் பெரிய வாங்குநர்கள் ஈராக், ரஷ்யா, துருக்கி, வளைகுடாப் பக்கம். மேற்கின் சான்றிதழ் முத்திரையை நம்பி மட்டும் இருப்பது போதாது.

அப்படியானால் எதைக் கேட்பது? அடுத்த இந்திய நிதி பேசப்படும்போது, கட்டடத்துக்குக் கேட்பதைவிட, மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான ஆய்வுகூடமும் ஆசிரியரும், அதிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தாதியர், மருத்துவச்சிப் பயிற்சி இடமும் கேட்பது பலமடங்கு பயன். பதவியை இலங்கை உருவாக்கிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதே பத்திரத்தில் எழுத வேண்டும். புதிய வீடு ஒன்று கையளிக்கப்படுவதற்கு நிபந்தனையாகத் தண்ணீர், உறுதி, இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். கம்பனிகளின் குத்தகையைப் புதுப்பிக்கும்போதோ திருத்தும்போதோ, குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் எந்தத் தேதியில் இருந்து பிரதேச சபை பொறுப்பு என்று தோட்டம் தோட்டமாக எழுதி, அதற்குரிய பணத்தையும் மாற்ற வேண்டும்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் தொழிலாளியின் நாட்சம்பளத்தோடு 200 ரூபாயை அரசே சேர்ப்பதாக அறிவித்தது ஒரு முன்னுதாரணம். தோட்டத்துக்குள் அரசு நேரடியாகக் கை நீட்டலாம் என்பது இதனால் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்தக் கையை மகப்பேற்று விடுமுறைக்கும் நீட்டச் சொல்லலாம்: 84 நாளுக்குப் பிறகு பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை வீட்டில் இருக்கும் தாய்க்கு அரசு கொடுக்கும் ஒரு தொகை. நீங்கள் ஒரு தொழிற்சங்கத்திலோ பிரதேச சபையிலோ இருந்தால், முதலில் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் மூன்று எண் கேளுங்கள். தோட்டங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் அளக்கப்பட்டவர் எத்தனை, வெற்றிடமாக உள்ள குடும்ப நல உத்தியோகத்தர் பதவிகள் எத்தனை, தமிழ் பேசுபவர் எத்தனை. எடை மட்டும் பதிந்து உயரம் பதியாத பதிவேடு வந்தால், உயரம் அளக்கும் பலகையும் அதைப் பிடிக்க இரண்டாவது ஆளும் கேட்பதே அந்தக் கூட்டத்தின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், ஒருவர் தலையையும் மற்றவர் காலையும் பிடிக்காமல் அந்த எண் சரியாக வராது.